பதின்மூன்று வயது எருமைக்கு என்ன தீனி போடுவது?

பெங்களூர் சிவாஜிநகரில் கறி வாங்கப் போகிற எல்லாரும் சொல்கிற வசனம் ஒன்றுதான்: "பாய், இளசா பாத்துக் குடுங்க." போன மாதம் நானும் சொன்னேன். கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரித்தார். "இளசுக்கு எங்கம்மா போறது? பதிமூணு வயசு ஆகணும்னு கவர்மெண்டே சொல்லுது. குக்கர்ல எட்டு விசில் விடுங்க, பூ மாதிரி வெந்துரும்."

எட்டு விசிலுக்கும் வேகவில்லை. அது என் குக்கரின் பிரச்சினையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன வயசுக் கணக்கில் தப்பில்லை. கர்நாடகத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பசு, காளை, எருது, கன்று எதையும் எந்த வயதிலும் அறுக்க முடியாது. எருமையை மட்டும், 13 வயது தாண்டியிருந்தால், அதிகாரி சான்று கொடுத்தபின் அறுக்கலாம். அதற்கு முன்பிருந்த 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12 வயது தாண்டிய எருதுக்கும் காளைக்கும் இடம் இருந்தது. ஆக, இன்று பெங்களூரில் சட்டப்படி கிடைக்கிற மாட்டுக்கறி என்பது வயதான எருமையின் கறி.

சட்டம் சரியா தப்பா என்று ஊரே பேசியாயிற்று. நான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது வேறு. அந்த எருமையின் வாய்க்குள் பதின்மூன்று வருடம் என்ன போயிற்று? கறி வேகுமா வேகாதா, கொழுப்பு எவ்வளவு, சிவப்பா கருப்பா என்பதில் பாதிக்கு மேல் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. நம் பக்கத்தில் கறிக்கென்று யாரும் மாட்டுக்குத் தீனி போட்டதில்லை. மாடு பாலுக்காகத் தின்றது, உழவுக்காகத் தின்றது. கறி என்பது கடைசியில் மிஞ்சுகிற கணக்கு. அமெரிக்காவில் இளம் காளைகளைக் கொட்டிலில் அடைத்து மக்காச்சோளமாகப் போட்டு, நாளுக்கு ஒன்றரை கிலோ அளவுக்கு எடை ஏற்றி, இரண்டு வயது நிறைவதற்குள் அறுத்துவிடுகிறார்கள். அந்தக் கறிக்கான சமையல் குறிப்பை யூடியூபில் பார்த்துவிட்டு நம் எருமைக்கறியில் செய்தால் எப்படி வரும்?

நான் வளர்ந்தது ஈஜிபுராவில். பக்கத்துச் சந்தில் தர்மபுரிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் நாலைந்து எருமை வைத்திருந்தார். எங்களுக்கு அவர் எருமைக்காரப் பாட்டி. தெருவில் இருக்கிற எல்லா வீட்டுக் கழுநீரும் அவர் தொட்டிக்குத்தான் போகும். பழைய சோறு, காய்த்தோல், இட்லி மாவு கழுவின தண்ணீர் எல்லாம் சேர்த்து, மேலே ஒரு கை தவிடு தூவி வைப்பார். எருமை மூக்கு முங்கக் குடிக்கும். "ரெண்டு தொட்டி குடிச்சிருக்கு, இன்னும் என்ன பசி?" என்பார் பாட்டி. பசிதான். ஏனென்றால் மாட்டுக்கு வயிறு நிறைவது வேறு, தீனி சேர்வது வேறு.

தீவனக் கணக்கு முழுக்க உலர்பொருளை வைத்துப் போடுவது. தண்ணீரை நீக்கிவிட்டு மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும். ஒரு மாடு தன் உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் உலர்பொருள் தின்னும். பசும்புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள், பாக்கி தண்ணீர். வைக்கோலிலும் புண்ணாக்கிலும் பத்தில் ஒன்பது பங்கு. கழுநீரில்? ஒரு தொட்டிக்கு இரண்டு மூன்று கைப்பிடி தேறினால் அதிகம். 300 கிலோ எடையுள்ள வளரும் எருமையை எடுத்துக்கொண்டால் அதற்கு ஏழரை கிலோ உலர்பொருள் வேண்டும். 15 கிலோ கம்பு நேப்பியர் புல், 3 கிலோ கேழ்வரகுத் தாள், 2 கிலோ அடர்தீவனம் போட்டால் கணக்குச் சரியாக வந்துவிடும். அந்த அடர்தீவனத்தை வீட்டிலேயே கலக்கலாம். நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் 35, தவிடு 32, கடலைப் புண்ணாக்கு 30, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1. புரதம் 18 முதல் 20 சதவீதம் நிற்கும். இப்படி விடாமல் போட்டு வளர்த்தால் நல்ல முர்ரா இன எருமைக்கடா நாளுக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை எடை கூடும். வைக்கோலை மட்டும் போட்டால் எலும்புதான் தெரியும்.

ஏன் வைக்கோல் மட்டும் போதாது என்பதற்கு மாட்டின் வயிற்றுக்குள் போக வேண்டும். கால்நடை மருத்துவர்கள் அசையூண் வயிறு என்று எழுதுகிற முதல் பை, வளர்ந்த மாட்டில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதற்குள் ஒவ்வொரு மில்லி லிட்டரிலும் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியா. நாம் போடுகிற தீனி முதலில் அவற்றுக்குத்தான். அவை நாரை உடைத்துப் புளிக்கவைத்து வெளியே விடுகிற அமிலங்களைத்தான் மாடு உறிஞ்சி எரிசக்தியாக்கிக்கொள்கிறது. அப்புறம் அந்தப் பாக்டீரியாவே அடுத்த வயிறுகளுக்கு வழுக்கிப் போய்ச் செரித்து மாட்டுக்குப் புரதமாகிறது. இட்லி மாவு புளிக்கிற பானையைச் சுமந்துகொண்டு நடக்கிற பிராணி என்று நினைத்துக்கொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். பானையில் சேர்ந்தாற்போல் பழைய மாவு இருக்க வேண்டும், சூடு சீராக இருக்க வேண்டும், புளிப்பு எல்லை தாண்டக் கூடாது.

அந்தப் பாக்டீரியா பெருகுவதற்கு நைட்ரஜன் தேவை. தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அவை சோர்ந்துவிடும். நார் உடையாது, உடையாத நார் வயிற்றிலேயே கிடக்கும், மாட்டுக்கு இன்னும் கொஞ்சம் தின்ன இடமே இருக்காது. நெல் வைக்கோலிலும் கேழ்வரகுத் தாளிலும் புரதம் 3, 4 சதவீதம்தான். (இரண்டில் எது என்றால் கேழ்வரகுத் தாள்தான். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், ஆக்சலேட்டும் சேர்ந்து சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமத்து வீடுகளில் கேழ்வரகுப் போரைப் பொத்திப் பொத்திக் காப்பது சும்மா இல்லை.) இதற்கு மலிவான வைத்தியம் யூரியா. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்தால் புரதம் இரட்டிப்பாகும், நாரும் இளகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு மட்டும் இதைக் காட்டக் கூடாது. அளவு தெரியாமல் யூரியாவை நேரே தொட்டியில் கலக்கினால் மாடு நுரை தள்ளிச் செத்துப்போகும். மலிவு வைத்தியத்தில் அந்த ஒரு ஆபத்து எப்போதும் உண்டு.

இந்த மாதிரிக் கணக்குகளுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் நம் ஆடுகோடியில் இருக்கிறது. ஓசூர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் தினமும் அதன் மதிலைத் தாண்டித்தான் போகிறோம். தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், 1995இல் தொடங்கியது. ஆடுகோடிக்கும் மாட்டுத் தீனிக்கும் உறவு அதைவிடப் பழசு. 1927இல் உடல்நலம் சரியில்லாமல் பெங்களூரில் தங்கியிருந்த காந்தி, இங்கே அன்றைக்கு இருந்த இம்பீரியல் பால்பண்ணை நிறுவனத்துக்கு வந்து மாடு பராமரிப்பைக் கற்றுக்கொண்டு போனார். அவருடைய அக்கறை பசுவைக் காப்பாற்றுவது. கறிக்கடைக்காரரின் அக்கறை வேறு. ஆனால் இரண்டு பேருமே ஒரே தொட்டியைத்தான் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, பதின்மூன்று வயதுக்கு வருவோம். கறி என்கிற தசை வளர்கிற வயது கன்றுப் பருவமும் அதைத் தொட்ட இரண்டு மூன்று வருடமும்தான். பிறந்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால், முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. ஒரு நாள் தாண்டினால் சீம்பாலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் உள்ளே விடாது. அப்புறம் இரண்டு மூன்று மாதம் பால், இரண்டாவது வாரத்திலிருந்தே கொஞ்சம் கன்றுத் தீவனம், இளம்புல். அதைக் கடித்துப் பழகினால்தான் முதல் வயிறு விரியும். எருமைத் தொழுவத்தில் கடாக்கன்றுக்கு இதில் எது கிடைக்கிறது? பால் சுரக்க வைப்பதற்காக நாலு இழுப்பு ஊட்டவிடுவார்கள், பிறகு முளையில் கட்டிவிடுவார்கள். சில வாரத்தில் கழிச்சல், குடற்புழு, சாவு. செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து எருமை முன்னால் நிறுத்திப் பால் கறந்ததை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. எருமைக்காரப் பாட்டி வீட்டிலும் ஒன்று இருந்தது. நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். இன்றைக்கு நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. லிட்டர் லிட்டராகப் பாலைக் குடித்து வளர்கிற கடாவால் அவருக்கு என்ன வரும்? நாட்டில் 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்புப்படி எருமைகள் கிட்டத்தட்ட 11 கோடி. ஆண் கன்றும் பெண் கன்றும் சரிபாதிதான் பிறக்கின்றன. ஆண் எருமைகள் எங்கே போயின என்பதற்குப் பதில் பெரும்பாலும் அந்த முளைக்குச்சிதான். கடாக்கன்றைக் காப்பாற்றிக் கறிக்கு வளர்க்க வேண்டும் என்று 11ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் ஒன்றிய அரசே ஒரு திட்டம் கொண்டுவந்தது. உத்தரப் பிரதேசத்தில் பசுவதைத் தடைச் சட்டத்துக்குள் எருமை வராது. அதனால் அங்கே இளங்கடாவை வளர்த்து விற்பதில் ஒரு கணக்கு உண்டு, ஏற்றுமதிக் கறியும் அங்கிருந்துதான் அதிகம் போகிறது. கர்நாடகத்தில் 13 வருடம் காத்திருக்க வேண்டும். மூன்று வயதில் வளர்ச்சி நின்றுபோகிற கடாவுக்கு இன்னும் பத்து வருடம் எவன் தீனி போடுவான்? ஆகவே இங்கே கடைக்கு வருவது பால் வற்றிய கிழட்டு எருமை. கடாவுக்குத் தீனி போடும் பேச்சு அத்தோடு முடிந்தது.

வயது விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. மாட்டுக்கு வயது பார்ப்பது பல்லை வைத்து. இரண்டு பல், நாலு பல், ஆறு பல், பிறகு எட்டுப் பல்லும் வந்து கடை சேர்ந்துவிடும். எருமைக்கு அது ஐந்து வயதை ஒட்டி முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தேய்மானத்தைப் பார்த்து ஊகிப்பதுதான். தேய்ந்த பல் தீவனத்துக்கும் கெடுதி. புல்லைச் சரியாக அரைக்க முடியாத கிழ எருமை நீளமான தட்டையை அப்படியே ஒதுக்கிவிடும். அதற்கு எதைப் போட்டாலும் துண்டு துண்டாக நறுக்கித்தான் போட வேண்டும்.

அப்படியானால் கிழ எருமைக்குக் கடைசி மூன்று மாதம் நல்ல தீனி போட்டால் கறி நன்றாக வருமா? கொஞ்சம் வரும். பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக இருக்கிற மாட்டுக்குத் திடீரென்று நல்ல தீனி கிடைத்தால் முதல் சில வாரம் மளமளவென்று எடை ஏறும். இழந்த தசை கொஞ்சம் திரும்பும், வயிறும் ஈரலும் பெருக்கும். அதன் பிறகு ஏறுவது கொழுப்பு. தசையில் முக்கால்வாசி தண்ணீர், அதனால் ஒரு கிலோ தசை சேர்க்க ஆகிற தீனி குறைவு. ஒரு கிலோ கொழுப்பு சேர்க்கப் பல மடங்கு எரிசக்தி வேண்டும். அதனால் விலை கொடுத்து வாங்கிய மக்காச்சோளத்தைக் கிழ எருமைக்குப் போட்டு எடை ஏற்றுகிறவர் இரண்டு மாதம் தாண்டினால் கையைச் சுட்டுக்கொள்வார். அறுபது நாளோடு நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம். எப்போது நிறுத்துவது என்று தராசு இல்லாமலே தெரிந்துகொள்ளலாம். வால் அடிப் பள்ளம், இடுப்பு எலும்பு, கடைசி விலா மூன்றையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். விலா தொட்டால் தெரிந்து, பார்த்தால் தெரியாமல் இருக்கிற நிலை போதும்.

என்ன போட்டாலும் வயசான மாட்டின் கொலாஜன் இளசாகாது. தசை நாரைக் கட்டி வைத்திருக்கிற அந்தப் பொருள் வருடத்துக்கு வருடம் குறுக்குப் பின்னல் போட்டு இறுகிக்கொண்டே போகும். அது கரைய ஈரமும் மெதுவான சூடும் நேரமும் வேண்டும். பாய் சொன்ன விசில் கணக்குக்குக் காரணம் இதுதான். தீனியால் மாற்ற முடிகிறது கொழுப்பை, அதுவும் ஓரளவு. எருமைக்குத் தசைக்குள்ளே கொழுப்பு ஓடுவதே குறைவு. சேர்கிற கொழுப்பும் வெள்ளையாக இருக்கும். புல்லில் இருக்கிற கரோட்டினைப் பசு அப்படியே கொழுப்பில் போட்டு மஞ்சளாக்கும். எருமை அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும். பாலின் நிறமும் அதனால்தான் வேறுபடுகிறது.

இனி நகரத்துக்கு வருவோம். பெங்களூரில் மாட்டுத் தீனி என்பது பெரும்பாதி நகரம் வீசி எறிவதுதான். மார்க்கெட்டில் அழுகின முட்டைக்கோஸ் இலை, ஜூஸ் கடைக் கரும்புச் சக்கை, ஆயுத பூஜைக்கு மறுநாள் தெருவெல்லாம் உடைந்து கிடக்கிற பூசணிக்காய், வாழைக்கன்று. இவற்றில் உண்மையாகவே சத்துள்ளது பீர் சக்கை. பார்லியிலிருந்து மாவுச்சத்தை பீருக்கு உறிஞ்சிக்கொண்டபின் மிஞ்சுவது புரதமும் நாரும். உலர்பொருள் கணக்கில் புரதம் 25 சதவீதத்தைத் தொடும். கடலைப் புண்ணாக்குக்குப் பாதி, ஆனால் விலை மிகக் குறைவு. இந்திராநகர், கோரமங்கலா மைக்ரோ ப்ரூவரிகளில் வார இறுதியில் ஊர் குடித்துத் தீர்க்கிறதன் மிச்சம் மாட்டுக்குப் பந்தி. ஆனால் அதில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதை மறக்கக் கூடாது. கோடையில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. தவிட்டிலும் அதே கதை. இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கடாவை வளர்த்தால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்து மாடு முக்கிக்கொண்டு நிற்கும். கால்சியம் பாஸ்பரஸைப் போல் இரண்டு பங்கு இருக்க வேண்டும். கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் சேர்த்தால் தீர்கிற பிரச்சினை, யாரும் சேர்ப்பதில்லை.

பெரிய ஆபத்து சோறு. மாட்டுப்பொங்கலன்று நாம் பாசத்தோடு ஊட்டுகிற சர்க்கரைப் பொங்கல், கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டுகிற மிச்சச் சாதம். வெந்த அரிசியின் மாவுச்சத்தை வயிற்றுப் பாக்டீரியா சில மணி நேரத்தில் லாக்டிக் அமிலமாக்கிவிடும். நார் தின்றால் மாடு ஆறேழு மணி நேரம் அசை போடும், நூறு லிட்டர் உமிழ்நீர் சுரக்கும், அதிலிருக்கிற சோடா உப்பு புளிப்பைச் சமன் செய்யும். சோற்றுக்கு அசை போட வேண்டியதில்லை, அதனால் உமிழ்நீரும் இல்லை. புளிப்பைக் காட்டுகிற pH அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஐந்தரைக்குக் கீழே போனால் நாரை உடைக்கிற பாக்டீரியா செத்து, உடம்பிலிருக்கிற தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கி, மாடு ஓரிரு நாளில் படுத்துவிடும். எருமைக்காரப் பாட்டியின் நல்ல கறவை ஒன்று அப்படித்தான் போனது, ஒரு முகூர்த்தத்துக்கு மறுநாள். வாசல் வாசலாகப் போய் "யாரு சோறு போட்டீங்க?" என்று கேட்டார். நாங்கள்தான் போட்டோம், சொல்லவில்லை. மக்காச்சோளமோ சோறோ, பழக்கமில்லாத மாட்டுக்கு இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும்.

சோற்றோடு வருகிற பாலிதீன் பை வேறு. அது உள்ளே போனால் வெளியே வராது. சென்னையில் 2019இல் கால்நடை மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். வயிறு நிறைந்த மாதிரியே இருக்கும், தின்ன இடம் இருக்காது.

ஏரிப் புல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் இறங்கிப் புல் அறுத்துக் கட்டுக் கட்டாக விற்றுப் பிழைத்தவர்கள் உண்டு. பச்சைப் பசேலென்று இருக்கும், கழிவுநீரில் நைட்ரஜனுக்குக் குறைவில்லை. கூடவே ஈயமும் காட்மியமும் ஏறும். இவை தசையில் அதிகம் சேராது, ஈரலிலும் சிறுநீரகத்திலும் வருடக்கணக்கில் தேங்கும். பதின்மூன்று வருடம் நகரத்துப் புல் தின்ற எருமையின் ஈரலை நான் வாங்குவதில்லை. ஈரல் வறுவல் பிடிக்காததால் அல்ல.

ஆடுகோடி நிறுவனத்தின் இன்னொரு வேலையும் இங்கே பொருந்தும். மாடு தின்கிற எரிசக்தியில் 6 சதவீதத்துக்கு மேல் மீத்தேனாக ஏப்பத்தில் போய்விடுகிறது. டானின் என்கிற துவர்ப்புப் பொருள் நிறைந்த தாவரப் பொருள்களைக் கொண்டு அங்கே செய்த ஹரித் தாரா என்கிற தீவனச் சேர்க்கை, அதை ஐந்தில் ஒரு பங்கு வரை குறைக்கிறது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று செய்தியில் வந்தது. வளர்ப்பவருக்கு அது தீனி மிச்சம்.

கடைசியாக, லாரி. எல்லாத் தீனியும் சரியாகப் போட்டு, கடைசி ஒரு நாளில் கெடுத்துவிட முடியும். தசையில் கிளைகோஜன் என்கிற சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. அறுத்தபின் அதுதான் லாக்டிக் அமிலமாகி, கறியின் pH அளவை ஒரு நாளில் ஐந்தரைக்கு இறக்கி, நிறத்தைச் சிவப்பாக்கிக் கறி சீக்கிரம் கெடாமல் காக்கிறது. மாட்டைத் தண்ணீரும் தீனியும் இல்லாமல் நெருக்கியடித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுவந்தால் அந்தச் சேமிப்பு வழியிலேயே தீர்ந்துபோகும். கறி கருத்து, பிசுபிசுவென்று, pH ஆறுக்கு மேலேயே நின்று, சாயங்காலத்துக்குள் வாடை எடுக்கும். இறக்கிய மாட்டுக்கு ஒரு நாள் ஓய்வும், குடிக்கிற மட்டும் தண்ணீரும், ஒரு கட்டுப் புல்லும் கொடுத்து, அறுப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் மட்டும் வைப்பது முறை. கடையில் தொங்குகிற தொடை கருஞ்சிவப்பாக, தொட்டால் ஒட்டுகிற மாதிரி இருந்தால் நான் இப்போது இளசா என்று கேட்பதில்லை. "பாய், இது எப்ப வந்து எறங்குச்சு?" என்று கேட்கிறேன்.